மாத்தளைச் சாமியும் பழைய துண்டும்: ஒரு நிகழ்வு ஆய்வு

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் அப்பாயியின் காம்பராவில் சாமித்தட்டுக்கு மேலே நான்கு படங்கள் மாட்டியிருந்தன. மாத்தளை முத்துமாரியம்மன், கதிர்காமத்து முருகன், அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்ட தாத்தா. நான்காவது படத்தில் காவி உடையும் பரந்த சுருட்டை முடியுமாக ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார். “நம்ம ஊர்ச் சாமி” என்பார் அப்பாயி. அவர் சொல்லும் விதத்தில் ‘சாமி’யைவிட ‘நம்ம ஊர்’ என்பதில்தான் அழுத்தம் விழும். இந்தியாவிலிருந்து இங்கே வந்தவர் இல்லை, இங்கிருந்து இந்தியாவுக்குப் போய்ப் பேர் எடுத்தவர். தோட்டத்துச் சனத்துக்கு அது சின்னப் பெருமை இல்லை.

1994 நவம்பரில் அந்தச் சாமியை, பிரேமானந்தாவை, தமிழ்நாட்டுப் பொலிஸ் கைது செய்தது. எனக்கு அப்போது 12 வயது. இரண்டு நாள் பிந்திக் கிடைத்த பத்திரிகையை மாமா வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார். பாதியில் நிறுத்தி, என்னையும் தங்கச்சியையும் பீலியில் தண்ணீர் பிடித்துவரச் சொன்னார். குடம் நிறைந்துதான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது பார்த்தேன், நான்காவது படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

“ஏன் அப்பாயி படத்தக் கழட்டிட்டீங்க?”

“கழட்டலடா. திருப்பி வச்சிருக்கேன்.”

இந்த வழக்கைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து எழுதப்பட்டவை. கதை திருச்சிக்குத் தெற்கே ஓர் ஆசிரம வாசலில் தொடங்கும், ‘போலிச் சாமியார்’ என்ற இரண்டு சொல்லில் முடியும். போலி என்று சொல்லிவிட்டால் வேறொன்றும் கேட்கத் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. எனக்கு அந்தச் சொல் போதவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை பத்து இருபது வருடம் முன்னால், மாத்தளையில் தொடங்குகிறது. அங்கிருந்து வாசித்தால்தான் அந்த மனிதர் என்ன பிடித்து மேலே ஏறினார் என்பது தெரிகிறது.

மாத்தளையிலிருந்து

பிரேமானந்தா 1951 நவம்பரில் மாத்தளையில் பிறந்தவர். இயற்பெயர் பிரேம்குமார். அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்து வந்த காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே தம்புள்ளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறினார்கள். மலைநாட்டின் வாசல்படி மாத்தளை. வழியில் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் போக மிச்சம் பேர் வந்து சேர்ந்த இடம். ஊருக்கு நடுவே முத்துமாரியம்மன் இருப்பதும், மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடுவதும் தற்செயல் இல்லை. ஒன்றுமில்லாமல் வந்தவர்களுக்கு முதலில் கிடைத்த ஆதரவு சாமிதான்.

1970களில் அவர் மாத்தளையில் ஆசிரமம் அமைத்தார். வெறுங்கையிலிருந்து விபூதி வரும், சிவராத்திரி அன்று வாயிலிருந்து லிங்கம் வரும் என்று சனம் திரண்டது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத்தான் வரப்போகிறோம்.

அந்தப் பத்து வருடம் மலையகத்தில் எப்படிப்பட்ட காலம்? 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தப்படி தோட்டத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று ஆட்களைத் தலைக்கணக்கில் பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பங்கு போட்டார்கள். அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை, கடவுச்சீட்டு வந்ததும் இந்தியாவுக்கு இராமானுஜம் கப்பல். இதற்கிடையில் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 70களின் நடுவில் தோட்டங்களில் பட்டினிச்சாவுகள். 1977இல் கலவரம். தலைக்கு மேல் ஒரு கூரை, தட்டில் சோறு, “பயப்படாதே” என்று சொல்ல ஒரு வாய், இவை மூன்றும் ஒரே ஆளிடம் கிடைத்தால் அந்த ஆள் சாமிதான். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அப்பாயியின் இடத்தில் இருந்திருந்தால் நானும் படம் மாட்டியிருப்பேன்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் மாத்தளை எரிந்தது. முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை, ஆசிரமமும் அழிந்தது. அடுத்த வருடம் அவர் சீடர்களோடும் சில பிள்ளைகளோடும் தமிழ்நாட்டுக்குப் போனார். முதலில் திருச்சி, 1989இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பாத்திமா நகர். அங்கே ஆசிரமம் ஏறத்தாழ 150 ஏக்கர். பள்ளிக்கூடம், அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி, ஐரோப்பாவில் கிளைகள், வெள்ளைக்காரப் பக்தர்கள்.

வழக்கு

1994இல் ஆசிரமத்திலிருந்து இளம் பெண்கள் இருவர் தப்பி வெளியே வந்து நடந்ததைச் சொன்னார்கள். வழக்கைத் திறந்தது அதுதான். அதிகாரியோ பக்தரோ நன்கொடையாளரோ திறக்கவில்லை.

விசாரணை விரிந்தபோது 13 பெண்கள் பாலியல் வன்புணர்வுக்கு ஆளானது வெளிவந்தது. பெரும்பாலானோர் ஆசிரமத்திலேயே வளர்ந்த இலங்கைப் பிள்ளைகள், பலர் சிறுமிகள். கருவுற்றிருந்த ஒரு பெண்ணின் விஷயத்தில் ஹைதராபாத் ஆய்வு மையத்தில் நடந்த டி.என்.ஏ. சோதனை பிரேமானந்தாவைத் தந்தை என்று காட்டியது. அந்தக் காலத்து இந்திய நீதிமன்றங்களுக்கு அந்தச் சோதனை புதிது. இன்னொரு குற்றச்சாட்டு கொலை. உள்ளே நடப்பதை எதிர்த்துப் பேசிய இலங்கைத் தமிழர் ஒருவர் கொல்லப்பட்டு ஆசிரம வளாகத்திலேயே புதைக்கப்பட்டிருந்தார். உடல் தோண்டி எடுக்கப்பட்டது.

சாமிக்காக ராம் ஜெத்மலானி வாதாடினார். டி.என்.ஏ. முடிவை மறுக்க இங்கிலாந்திலிருந்து நிபுணர் வரவழைக்கப்பட்டார். காவி கட்டிய துறவியிடம் அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் லயத்தில் கேட்டது மாமா ஒருவர்தான்.

1997 ஆகஸ்ட் 20ஆம் திகதி புதுக்கோட்டை அமர்வு நீதிபதி ஆர். பானுமதி தீர்ப்புச் சொன்னார். இரட்டை ஆயுள் தண்டனை, ஒன்றன்பின் ஒன்றாக. தண்டனைக் குறைப்பு எதுவும் பொருந்தாது. அபராதம் 67 லட்சம் ரூபாய்க்கு மேல். உடந்தையாக இருந்த ஆசிரமத்தாரும் தண்டிக்கப்பட்டார்கள். 2002இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2005இல் இந்திய உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தன. பானுமதி பிற்காலத்தில் அதே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியானார். பிரேமானந்தா கடலூர் மத்திய சிறைக் கைதியாக இருந்தபோதே 2011 பெப்ரவரி 21இல் இறந்தார்.

மூன்று நீதிமன்றங்கள் பார்த்த வழக்கு. ஆகவே ‘உண்மையா பொய்யா’ என்பதில் நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை.

துண்டு

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அத்தனை பிள்ளைகளும் ஏன் அவ்வளவு காலம் வாய் திறக்கவில்லை? பயம் என்பது ஒரு பதில், சரியான பதிலும்கூட. எதிர்த்துப் பேசிய ஆள் காணாமல் போன இடத்தில் பயப்படாமல் யார் இருப்பார்? ஆனால் பயம் மட்டும்தான் என்றால் அந்த இடம் சிறைச்சாலை. சிறைக்கைதி காவலாளியின் காலில் விழுந்து கும்பிடுவதில்லை. இங்கே பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. மலையகத்துக்காரருக்கு அது புதிதில்லை, ஒரு காலத்தில் அதற்குப் பெயரே இருந்தது. துண்டு.

இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். தோட்டத்துக்கு ஆள் பிடித்து வேலை வாங்குகிற கங்காணி, இந்தியாவில் ஊரில் ஆள் சேர்க்கும்போது முன்பணம் கொடுப்பான். பயணச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அதே கணக்கில் ஏறும். தோட்டத்துக்கு வந்து சேரும்போதே தொழிலாளி கடன்காரன். வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் தோட்டத்தை நடத்தும் துரை ஒரு துண்டுக் கடதாசி தருவார். இன்ன தொகையைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் கைமாறும், குறையாது. வேலியும் தேவையில்லை, சங்கிலியும் தேவையில்லை. 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டை ஒழித்தார்கள்.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது கங்காணியின் இரண்டு முகங்களை. ஆளைக் கடனில் கட்டிப்போட்டவனும் அவன்தான், பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தவனுக்கு முதல் பிடி அரிசி கொடுத்தவனும் அவன்தான். பெரிய கங்காணிதான் தோட்டத்துக் கோயிலைக் கட்டுவார், திருவிழாவில் முதல் காளாஞ்சி அவருக்குத்தான். கணக்குப் புத்தகமும் விபூதித் தட்டும் ஒரே கையில் இருந்தன. அந்தக் கையைக் கடித்தால் நன்றிகெட்டவன் என்ற பெயர் மட்டும் மிஞ்சாது, சாமிக்குற்றமும் சேரும்.

பாத்திமா நகரில் இருந்த பிள்ளைகளின் நிலையை இப்போது யோசித்துப் பாருங்கள். ஊர் எரிந்தது, தாய் தகப்பன் இல்லை, கடல் தாண்டி அந்நிய மண். சோறு அவர் போட்டது, உடுப்பு அவர் கொடுத்தது, பள்ளிக்கூடம் அவர் கட்டியது, ‘அப்பா’ என்று கூப்பிட வேறு ஆள் கிடையாது. வெளியே போனால் எந்த முகவரிக்குப் போவது? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம்தான் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறோம். அந்தப் பழமொழியே அங்கே பூட்டாகிவிட்டது. எழுதப்படாத துண்டு. அதில் தொகை குறிக்கப்படவில்லை, ஆகவே எவ்வளவு தந்தாலும் தீராது.

அதனால்தான் விபூதியைப் பற்றிய விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. அந்தக் கைவேலை எப்படிச் செய்யப்படுகிறது என்று மேடையில் செய்து காட்டும் பகுத்தறிவாளர்களை எனக்குப் பிடிக்கும், அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் விபூதி வாசலில் தொங்கிய விளம்பரப் பலகை மட்டும்தான். பக்தர்களை உள்ளே வரவைத்தது அது. பிள்ளைகளை உள்ளேயே இருத்தியது சோறு.

அப்பாயி இதை என்னைவிட முன்பே புரிந்துகொண்டார். தீர்ப்பு வந்த வாரம் லயத்தில் ஒரே வாக்குவாதம். அந்தப் பெண்களும் சரியில்லை என்று ஒருவர் ஆரம்பித்தார். எப்போதும் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) பேரப்பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்த அப்பாயி நின்று ஒரு வார்த்தை சொன்னார்: “அதுக சோத்துக்குப் போன புள்ளைக.” பிறகு யாரும் பேசவில்லை.

ஏறிய ஏணி

பக்தர்கள் இதைச் சபலம் என்பார்கள். பெரிய மனிதர், பெரிய சக்தி, மனுஷனுக்குள்ள பலவீனம் என்று. இந்த விளக்கத்தை ஒத்துக்கொள்ள வழியே இல்லை. ஒருநாள் தடுமாறியவனின் கதை 13 பெண்களும் ஒரு புதைகுழியுமாக இருக்காது. அதற்கு ஒழுங்கு வேண்டும். கதவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், கேள்வி கேட்பவரை அடக்க ஓர் ஆள், வெளியாட்களிடம் சிரித்துப் பேச ஓர் ஆள். துரை தனியாகத் தோட்டம் நடத்துவதில்லை, கணக்கப்பிள்ளைகள் இருப்பார்கள். உடந்தையாளர்களும் தண்டிக்கப்பட்டதை நான் முக்கியமாக நினைப்பது அதனால்தான்.

பேராசையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஆரம்பத்தில் நல்லவர், தொண்டு செய்தார், பணமும் பேரும் வந்ததும் கெட்டுப்போனார் என்று. ஆரம்பத்தில் அவர் மனதில் என்ன இருந்தது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் வெளியே தெரிகிற கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. தொண்டும் பேராசையும் இரண்டு காலங்கள் இல்லை, தொண்டுதான் ஏணி. அநாதைப் பிள்ளைகள் இருப்பதால்தான் ஆசிரமத்துக்கு மதிப்பு, அந்த மதிப்பினால்தான் நன்கொடை, நன்கொடையால்தான் ஏக்கர் கணக்கில் நிலம், நிலத்தால்தான் இன்னும் பிள்ளைகள். வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் வரிசையாக நிறுத்திக் காட்ட வேண்டியது அந்தப் பிள்ளைகளைத்தான். இலங்கையின் ஒவ்வொரு துன்பமும் அந்த ஏணிக்கு ஒரு படி.

வேஷத்துக்கும் இங்கே வேலை உண்டு. காவியும் பிரம்மச்சரியமும் குற்றத்தை மறைக்கும் திரை என்று மட்டும் பார்த்தால் போதாது. துறவி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டதால்தான் பருவப் பிள்ளைகளை அவர் பொறுப்பில் விட யாரும் யோசிக்கவில்லை. சாதாரண ஓர் ஆண் 150 ஏக்கர் மதிலுக்குள் பெண்பிள்ளைகளை வைத்து வளர்த்தால் அக்கம்பக்கம் நாலு கேள்வி கேட்டிருக்கும்.

இது இந்து ஆசிரமங்களின் நோய் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. அமெரிக்காவில் ஜிம் ஜோன்ஸ் என்ற போதகர் ஏழைகளுக்கும் கறுப்பின மக்களுக்கும் சோறு போட்டு, முதியவர்களைப் பராமரித்துத்தான் சபையை வளர்த்தார். சமத்துவம் பேசினார். சான் பிரான்சிஸ்கோ நகர வீடமைப்பு அதிகார சபைக்கே தலைவராக்கப்பட்டார். பிறகு சனத்தைக் கயானாக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். 1978 நவம்பர் 18இல் அங்கே 900க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள். அங்கே லிங்கமும் இல்லை விபூதியும் இல்லை. சோறும் கடவுச்சீட்டும் இருந்தன.

நம்ம தோட்டத்தில்

இதெல்லாம் பழைய கதை, பெரிய இடத்துக் கதை என்று விட்டுவிடலாம். விட முடியாமல் செய்தது எங்கள் டிவிஷனில் சில வருடங்களுக்கு முன் நான் கண்ணால் பார்த்தது. பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. குற்றம் என்று வழக்குப் போடும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை, அதுதான் விஷயமே.

ஒரு ஜெபவீடு வந்தது. நடத்தியவரை எல்லாரும் ‘ஐயா’ என்பார்கள். நன்றாகப் பாடுவார், குடிகாரர் இரண்டு மூன்று பேரைத் தவறணைப் பக்கம் போகாமல் நிறுத்தினார், அதற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். பிறகு விதிகள் வந்தன. தொலைக்காட்சி கூடாது. காமன் கூத்துக்கு, தேருக்கு, சொந்தக்காரர் வீட்டுக் கோயில் சடங்குக்குப் போகக் கூடாது. காய்ச்சல் வந்தால் ஜெபம் போதும், மருந்து விசுவாசக் குறைவு. நாள் சம்பளம் 1,000 ரூபாயாக இருந்தபோது பத்தில் ஒன்று காணிக்கை. அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்ட நாளுக்கும் உண்டு.

ஐயாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது அன்று இரவே வான் பிடித்துக் கண்டியில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். நான்கு நாள் கழித்து வந்து, கர்த்தர் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னார். இதை ஒருவரும் மறைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஆமென் சொன்னார்கள். பாசாங்கு வெளிப்பட்டால் தலைவன் விழுந்துவிடுவான் என்பது படித்தவர்களின் நம்பிக்கை. விழுவதில்லை. ‘எனக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டம்’ என்று எல்லாருக்கும் முன்னால் காட்டுவதே அதிகாரம்தான். தோட்டத்தில் பிறந்தவனுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவில்தான் வளர்ந்திருக்கிறான்.

அந்தச் சபையில் எங்களுக்குத் தூரத்துச் சொந்தமான ஓர் அக்கா இருந்தார். நுண்கடன் நிறுவனத்தில் எடுத்த லோன் மூன்று தவணை கட்டாமல் நிற்க, லோன்காரன் வந்து லயத்து வாசலில் எல்லாருக்கும் கேட்கக் கத்திவிட்டுப் போனான். ஐயா அந்த மூன்று தவணையையும் கட்டினார். கேட்காமலே கட்டினார். வட்டி வேண்டாம், திருப்பித் தரவும் வேண்டாம் என்றார். பத்திரமாக இருக்கட்டும் என்று அஸ்வெசும என்ற அரசு உதவிப் பணம் வரும் வங்கிப் புத்தகத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அக்கா கொழுந்து எடுத்துவிட்டு வந்து ஐயா வீட்டில் சமைத்தார். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைச் சபைக்கு வெளியே என்று ஐயா வேண்டாம் என்றார், அக்கா சரி என்றார். ஒரு மாதம் காணிக்கை குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியில், பெயர் சொல்லாமல், “செய்த நன்மையை மறக்கிறவர்கள்” என்று அரை மணி நேரப் பிரசங்கம். பெயர் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

பிரதேச சபைத் தேர்தல் வந்தபோது ஜெபவீட்டு மேடையில் ஒரு வேட்பாளர் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐயா. எத்தனை வீடு, எத்தனை வாக்கு என்று கணக்கு ஏற்கெனவே பேசப்பட்டிருந்தது. அடுத்த முறை ஐயாவே கேட்பார் என்று பேச்சு அடிபட்டது. பழைய காலத்தில் கங்காணி, பிறகு சங்கத் தலைவர், இப்போது இவர். தலைகளை எண்ணி மேலே கொடுக்கிற வேலைக்கு எங்கள் மலையில் எப்போதும் ஆள் தட்டுப்பாடு வந்ததில்லை.

போதகர் என்பதால் இதைச் சொல்லவில்லை. இரண்டு மலை தள்ளி இதே காரியத்தை வேப்பிலையோடு ஒருவர் செய்துகொண்டிருக்கிறார்.

அக்கா வெளியே வந்தது எப்படி என்றால், ஞானம் பிறந்தெல்லாம் இல்லை. கொழும்பில் துணிக்கடையில் வேலைக்கு நின்ற மகள் ஐந்து மாதம் சேர்த்து அந்த மூன்று தவணைப் பணத்தைக் கொண்டுவந்தாள். தாயும் மகளும் ஐயா வீட்டு வாசலில் நின்று, பக்கத்து வீட்டார் பார்க்க, எண்ணிக் கொடுத்து வங்கிப் புத்தகத்தை வாங்கினார்கள். வேண்டாம் வேண்டாம் என்றாராம் ஐயா. “வாங்கிக்கங்க ஐயா, எங்களுக்கு வேணும்” என்றாளாம் மகள். அக்கா இன்றும் ஜெபிக்கிறார், டவுனில் வேறு ஒரு தேவாலயத்தில். நம்பிக்கையை விடவில்லை, கடனைத்தான் விட்டார்.

பார்க்க வேண்டிய இடம்

ஒரு குழுவைப் பார்த்து அதன் உபதேசம் சரியா பிழையா என்று ஆராய்வதில் எனக்கு இப்போது நம்பிக்கை குறைந்துவிட்டது. அது முடிவில்லாத வழக்கு. அடையாள அட்டை யாரிடம் இருக்கிறது, வங்கிப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, விட்டுப் போனவர்களோடு இருக்கிறவர்கள் பேசலாமா, தலைவரின் வரவு செலவை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் போதும். பதில் சொல்பவரின் முகம் மாறினால் அதுவும் பதில்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கடுமையாக இருக்கலாம். சாமி நடத்தினாலும் சபை நடத்தினாலும் இலங்கையில் அநாதை விடுதி ஒன்று பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். 1941ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது, மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் பொறுப்பு அது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்குத் தமிழிலும் பேசலாம். 1994இல் அந்த இரண்டு பெண்களும் மதிலைத் தாண்டி ஓட வேண்டியிருந்தது. அப்போது இந்தியாவில் சிறுவர் பாலியல் குற்றங்களுக்கென்று தனிச் சட்டம்கூட இல்லை, அது 2012இல்தான் வந்தது.

தீர்ப்புக்குப் பிறகும் பக்தர்கள் கலையவில்லை. ஆசிரமம் இயங்குகிறது, சமாதிக்குப் பூசை நடக்கிறது. எல்லாம் சதி என்று நம்புகிறவர்கள் எல்லாரும் படிக்காதவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இலங்கை உயர் நீதிமன்ற (இந்தியாவின் உச்ச நீதிமன்றம் போன்றது) நீதியரசராக இருந்து ஓய்வுபெற்று, வட மாகாண முதலமைச்சரான சி.வி. விக்னேஸ்வரன் தன்னைப் பிரேமானந்தாவின் பக்தர் என்று வெளிப்படையாகவே சொல்பவர். முதலமைச்சராக இருந்தபோது, அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களை விடுவிக்கும்படி இந்தியப் பிரதமர் மோடிக்கு எழுதினார். வாழ்நாள் முழுக்கச் சாட்சியங்களை எடைபோட்டவர். அப்பாயி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

2011 பெப்ரவரியில் சாமி செத்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு நான்தான் அப்பாயியிடம் சொன்னேன். இஸ்தோப்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். கண் மங்கிவிட்ட காலம். படம் அப்போதும் சாமித்தட்டுக்கு மேலே சுவரைப் பார்த்தபடிதான் இருந்தது. அதன் பின்பக்கத்து அட்டையில் மாத்தளை திருகோணமலை வீதியில் படம் சட்டம் போட்டுக் கொடுத்த கடையின் சீட்டு ஒட்டியிருக்கும், 16 வருடமாக வெள்ளிக்கிழமை விளக்கு அந்தச் சீட்டுக்கும் சேர்த்துத்தான் எரிந்தது. ஏன் தூக்கி எறியவில்லை என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சிரிப்பார், பதில் வராது.

அன்றைக்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் புள்ளைகல்லாம் இப்ப எங்கடா இருக்குதுக?” என்றார்.

“பத்திரிகையில அது போடல அப்பாயி.”

“நல்லாப் பாரு” என்றார்.